முப்பத்தேழாம் எண் படம்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் படக்கா. எந்த இணையதளத்தில் எந்தப் படம் கோணலாக நின்றாலும், தலைகீழாக ஏறினாலும், முகம் பாதி வெட்டுப்பட்டு வந்தாலும் "படக்காவைக் கூப்பிடு" என்பார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அவளுக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை.

இருபது வயதில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்தவள். அங்கே ஒருநாள் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. முதலாளி அதைத் துணி போட்டு மூடி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் துணியைத் தூக்கிக் காட்டுவதோடு சரி; தொடப் பயம். இவள் தொட்டாள். தொட்டவள் விடவில்லை. படத்தைத் திருத்துவதில் ஆரம்பித்து, நூறு படங்களை ஒரே அடியில் திருத்தச் சொல்லி எழுதுகிற கட்டளைகளுக்கு வந்து, அங்கிருந்து புரோகிராமுக்கு வந்து சேர்ந்தாள். பட்டம் கிடையாது. டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் இடம் கிடைத்தபோது வயது முப்பத்துநான்கு. பிறகு பன்னிரண்டு வருடம் அந்த நாற்காலியிலேயே ஓடியது.

கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். இயந்திர இரைச்சலில் வலது காது போய்விட்டது. இவள் வீட்டில் வேலையைப் பற்றிப் பேசினால் பாதிதான் அவருக்கு விழும். ஒருமுறை "இன்னிக்குப் பூரா கேஷ் போட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

"யாருக்குப் போட்ட? நம்மகிட்ட ஏதுடி அவ்வளவு கேஷ்?" என்று அவர் பதறிப்போனார். காலேஜில் படிக்கும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பணமில்லை, ஒருமுறை செய்த வேலையின் பலனை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்தவர் கேட்கும்போது அதையே கொடுப்பது என்று படக்கா விளக்கினாள். "அப்போ பழைய சோறுன்னு சொல்லு" என்றார் அவர். அவர் சொன்னது அத்தனை தப்பில்லை.

அந்தக் கம்பெனிதான் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டது. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவது, ரத்தப் பரிசோதனை முடிவு பார்ப்பது, அவ்வளவுதான் அதில் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகு நடு ஆற்றில் கவிழ்ந்தது. எழுபது பேர் ஏற வேண்டிய படகில் இருநூறு பேருக்கு மேல் ஏறியிருந்தார்கள். ஆறு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் ஆஸ்பத்திரிப் பிணவறையில் இடமில்லை; பின்பக்கத்து வாகனக் கொட்டகையில் வரிசையாகக் கிடத்தினார்கள்.

சொந்தக்காரர்கள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து ஒவ்வொரு முகமாகத் துணியை விலக்கிப் பார்க்க, முதல் நாளே இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள், ஒரு கண்ணாடிக் கதவு நொறுங்கியது. ஆஸ்பத்திரி ஒரு முடிவெடுத்தது. அடையாளம் தெரியாதவர்களை எண் போட்டுப் படம் எடுத்து இணையதளத்தில் ஏற்றிவிடுவது. சனங்கள் வீட்டிலிருந்தே பார்க்கட்டும், தங்கள் ஆள் இருந்தால் மட்டும் எண்ணைச் சொல்லிக்கொண்டு உள்ளே வரட்டும். வாசலில் ஒலிபெருக்கி கட்டி அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: "போன்லயே பாருங்க. இருந்தா மட்டும் வாங்க."

அந்தப் பக்கத்தைப் படக்காதான் கட்டினாள். புதன்கிழமை பகலில் பக்கம் திறந்தது. திறந்த பத்தாவது நிமிடம் படுத்துவிட்டது. ஊரே ஒரே சமயத்தில் அதைத் திறந்தது. பிணவறை ஊழியர் எடுத்த படம் ஒவ்வொன்றும் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரியது. ஒவ்வொரு போன் கேட்கும்போதும் சர்வர் அந்தப் பெரிய படத்தை முழுதாகத் திறந்து, போனுக்கு ஏற்றபடி சுருக்கி, அனுப்பிவிட்டு, செய்ததை மறந்துவிடும். அடுத்த போனுக்கு மறுபடி முதலிலிருந்து. அறுபத்துநாலு படம், ஆயிரக்கணக்கான போன். சர்வருக்கு மூச்சு முட்டியது.

மேலாளர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஓடிவந்தார். "படக்கா, ஆஸ்பத்திரிப் பக்கம் திறக்கவே மாட்டேங்குது. வாசல்ல கல்லெடுத்து அடிக்கிறாங்களாம். ஏதாவது பண்ணுங்க."

"ஒவ்வொரு தடவையும் புதுசா சுருக்குது சார். ஒருதடவை சுருக்கினதை எடுத்து வெச்சிக்கிட்டு அதையே குடுத்தா போதும். கேஷ் போடறேன். ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. ஏத்தின படத்தை அப்புறம் மாத்துவாங்களா? மாத்துவாங்கன்னா பழைய நகலை அழிக்கறதுக்கும் வழி வைக்கணும், அரை நாள் கூட ஆகும்."

"செத்துப்போனவங்க படம் எப்படிம்மா மாறும்?" என்றார் மேலாளர். "சட்டுன்னு முடிங்க."

பிணவறையின் நேரடி எண் அவள் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போடவில்லை. அன்றைக்கு அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. மேலாளர் பின்னால் நின்றுகொண்டு அவள் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

சுருக்கிய படங்களை ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைக்கச் செய்தாள். நகலின் பெயர் படத்தின் எண்ணும் அகலமும். முப்பத்தேழாம் எண், முந்நூறு புள்ளி அகலம் என்கிற மாதிரி. அந்தப் பெயரில் ஏற்கெனவே நகல் இருந்தால் சர்வர் எதையும் யோசிக்காமல் அதையே கொடுத்துவிடும். ஒருமுறை பார்த்த படத்தை ஒரு மாதம் வரை போனே தனக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவு எழுதினாள். முழு அளவுப் படத்தை ஆஸ்பத்திரி ஆட்கள் மட்டுமே திறப்பார்கள் என்பதால் அதற்கு இந்த ஏற்பாடு தேவைப்படவில்லை. ஒன்றரை மணி நேர வேலை. பக்கம் கண் மூடித் திறப்பதற்குள் திறந்தது. அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மேலாளர் எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார்.

அவளுக்குத் தெரியாத ஒன்று பிணவறையில் நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த ஊழியர் ஐம்பது தாண்டியவர், வேலையில் சுத்தக்காரர். முதல் நாள் அவசரத்தில், ஆற்றுச் சேறும் பாசியும் அப்பிய முகங்களை அப்படியே படம் எடுத்து ஏற்றியது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. யாரும் சொல்லவில்லை. அவராகவே வியாழக்கிழமையிலிருந்து ஒவ்வொரு முகமாகக் கழுவி, தலையைச் சீவி, நேராகத் திருப்பி வைத்து மறுபடி படம் எடுத்தார். அதே எண்ணில் ஏற்றினார். தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார். புதுப் படம் பளிச்சென்று நின்றது. நிம்மதியாக அடுத்த முகத்துக்குப் போனார். இப்படிப் பத்தொன்பது பேருக்குச் செய்தார். அந்தப் பத்தொன்பதில் ஊர்க்காரர்களின் போனில் ஒன்றுகூடத் தெரியவில்லை. அங்கே சேறு சேறாகவே இருந்தது.

பன்னிரண்டாம் நாள், யாரும் கேட்டு வராத உடல்களை நகராட்சி ஊருக்கு வெளியே புதைத்தது. ஆளுக்கொரு குழி, குழிக்கொரு எண் பலகை.

பதினைந்தாம் நாள் காலை, படக்காவின் திரையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வரிப் புகார் வந்தது. "படம் 37, போனில் ஒன்று தெரிகிறது, கம்ப்யூட்டரில் வேறொன்று தெரிகிறது. சரி செய்யவும்."

இது தான் போட்ட கேஷ் செய்த வேலைதான் என்று திறந்து பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முழுப் படத்தை ஒரு பக்கமும் சுருக்கிய நகலை இன்னொரு பக்கமும் வைத்தாள். இடது பக்கம் கழுவிய முகம். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும், வலது புருவத்தை இரண்டாகப் பிளந்த பழைய தழும்பு. வலது பக்கம் சாய்ந்து கிடக்கும் ஒரு தலை, கன்னத்தில் பாசி, புருவமே தெரியாத சேறு.

ஃபோல்டரை முழுதாக அழித்தாள். அது போதாது என்பது உடனே உறைத்தது. பார்த்தவர்களின் போன்களுக்குள் பழைய படம் இன்னும் உட்கார்ந்திருக்கும். ஒரு மாதம் வைத்துக்கொள்ளச் சொன்னதே அவள்தான். ஒவ்வொரு படத்தின் இணைய முகவரியிலும் படம் ஏற்றிய நேரத்தைச் சேர்த்தாள். முகவரி மாறினால் போன் புதிதாகக் கேட்கும். இனி படம் மாறினால் முகவரியும் தானாக மாறும். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மேலாளரிடம் அரை நாள் என்று சொன்ன வேலை.

மாற்றப்பட்ட பத்தொன்பது எண்களையும் எழுதிக்கொண்டு பிணவறைக்குப் போன் போட்டாள், இத்தனை நாள் போடாத எண்ணுக்கு. பதினாறு பேரைச் சொந்தக்காரர்கள் எப்படியோ கண்டுபிடித்திருந்தார்கள். சட்டையை வைத்து, செருப்பை வைத்து, காவலரோடு மல்லுக்கட்டி உள்ளே நுழைந்து. மூன்று பேர் புதைக்கப்பட்டுவிட்டார்கள். அதில் முப்பத்தேழும் ஒன்று.

மறுநாள் பிணவறை ஊழியரே மாடியேறி வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் ஒண்ணும் புரியாதுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் கழுவி எடுத்த படம் எதையும் சனங்க பாக்கவே இல்லையா?"

"இல்லீங்க."

"ஒண்ணுகூடவா?"

"போன்ல ஒண்ணும் வரலீங்க. என் தப்பு."

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். மருந்துத் தண்ணீர் பட்டுத் தோல் வெளுத்துப்போயிருந்தது. "சேத்தோட இருந்தா பெத்தவளுக்கே அடையாளம் தெரியாதேன்னுதான் கழுவினேன்" என்றார். மாடியிறங்கிப் போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

முப்பத்தேழாம் எண்ணின் அக்கா பள்ளிச் சீருடை தைக்கிறவள். தாய் தகப்பன் போனபிறகு தம்பியை அவள்தான் வளர்த்தாள். அவன் குழாய் வேலை செய்கிறவன். அக்கரையில் புதுக் கட்டிடம் ஒன்றுக்குப் போகப் படகேறினான். படகு கவிழ்ந்த மறுநாள் ஆஸ்பத்திரி வாசல்வரை போன அவளை ஒலிபெருக்கி திருப்பி அனுப்பியது. பதினைந்தாம் நாள் மறுபடி வந்து, "கடைசியா ஒருதடவை பெருசா காட்டுங்க" என்று விசாரணை மேசையில் இருந்தவரைக் கெஞ்சினாள். அவர் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தார். முப்பத்தேழில் அவள் போட்ட சத்தம் மூன்றாவது மாடிக்குக் கேட்டதாம்.

படக்கா அவள் வீட்டுக்குப் போனாள். தனியாகப் போக வேண்டாம் என்று கணவரும் பட்டறைக்கு லீவு போட்டுக்கொண்டு வந்தார். ஒரே அறை. தைத்து முடித்த நீலப் பாவாடைகள் சுவரோரம் இடுப்பளவு அடுக்கியிருந்தன. தையல் இயந்திரத்தில் பாதி தைத்த துணி ஊசி குத்தியபடியே நின்றது.

"நீங்கதான் அந்தப் போன் பக்கத்தைப் பண்ணினவங்களா?"

"ஆமாங்க."

"முப்பத்தேழை எத்தனை தடவை பாத்திருப்பேன் தெரியுமா? எனக்கு மனப்பாடம் அந்த முகம். யார் பெத்த புள்ளையோன்னு அழுதேன். அழுதுட்டு, நல்லவேளை நம்ம தம்பி இல்லன்னு நெஞ்சுல கை வெச்சிக்கிட்டேன். ஒவ்வொரு நாளும். என் தம்பியையே பாத்து, இவன் இல்ல, இவன் இல்லன்னு சந்தோஷப்பட்டிருக்கேன்." அவள் குரல் உயரவே இல்லை. "இதை நான் எங்க கொண்டுபோய் வெக்கறது, நீங்களே சொல்லுங்க."

"என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்றேன்" என்றாள் படக்கா.

"அவனை வெளியில எடுக்கணும். எங்க அம்மா பக்கத்துல வெக்கணும். நகராட்சி ஆபீஸ்ல கேட்டா, எப்படித் தப்பு நடந்துச்சுன்னு எழுத்துல வேணுமாம். எழுதித் தருவீங்களா?"

தருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டு வாசலில் கணவர், "எழுதிடு. வர்றது வரட்டும்" என்றார்.

மேலாளரும் ஒரு கடிதம் தயார் செய்திருந்தார். "தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட தாமதம்" என்று அதில் இருந்தது. நகராட்சி அதிகாரி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். தாமதத்துக்கெல்லாம் குழியைத் திறக்க முடியாதாம். படக்கா தன் கைப்பட எழுதினாள். சுருக்கிய படங்களைச் சேமித்து வைக்கும் முறையை அமைத்தது நான். படம் மாற்றப்பட்டால் பழைய நகலை நீக்கும் ஏற்பாட்டை நான் செய்யவில்லை. அதனால் முப்பத்தேழு உள்ளிட்ட பத்தொன்பது பேரின் திருத்திய படங்கள் பொதுமக்களுக்குத் தெரியவில்லை. படம் மாறாது என்று மேலாளர் சொன்னதையும் ஒரு வரி எழுதினாள். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு வேறு தாளில் நகலெடுத்தாள். போன் போட்டுக் கேட்காதது தான்தானே என்று அப்போது தோன்றியது. அந்த வரியை ஏன் அடித்தோம் என்று பின்னால் பல நாள் அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்திருக்கிறது.

"இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா நீங்க அவ்வளவுதான்மா" என்றார் மேலாளர்.

"போட்டுட்டேன் சார்."

மூன்றாவது வாரம் அனுமதி வந்தது. மண் ஈரமாக இருந்ததால் தோண்ட அதிக நேரம் ஆகவில்லை. அக்கா குழியருகே போகவில்லை. முகத்தைப் பார்க்கவும் மறுத்துவிட்டாள். பிணவறை ஊழியர் இறங்கிப் பார்த்துவிட்டு, தன் வலது புருவத்தைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தார். தூரத்தில் வேலியோரம் நின்ற படக்காவை யாரும் கூப்பிடவில்லை. மற்ற இரண்டு எண்களில் ஒன்றுக்கு ஒரு தகப்பன் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். தோண்ட வேண்டாம், பலகையில் பேரை மட்டும் எழுதினால் போதும் என்றார். இன்னொன்றுக்கு இன்றுவரை யாரும் வரவில்லை.

ஆஸ்பத்திரி கம்பெனியோடு உறவை முறித்துக்கொண்டது. மாதக் கடைசியில் படக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழு மாதம் சும்மா இருந்தாள். மகள் எத்தனை சொல்லியும் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது சில நாள், கையில் இருந்த தட்டைக் குழாயடியில் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவாள். கணவர் வந்து குழாயை மூடுவார். அப்புறம் கதவு ஜன்னல் விற்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே கதவுப் படங்களைச் சுருக்கி வைக்கிறாள். அங்கு அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தையல்கார அக்கா வீடு தேடி வந்தாள். படியேறிய மூச்சிரைப்போடு போனை நீட்டினாள்.

"என்கிட்ட அவன் சிரிக்கற படம் இது ஒண்ணுதான் இருக்கு. சுவத்துல மாட்டற அளவுக்குப் பெருசு பண்ணணும். ஸ்டுடியோவுல ஒருத்தன் பண்ணிக் குடுத்தான். பாத்தா அது வேற யாரோ. நீங்கதான் படத்து வேலை தெரிஞ்சவங்களாச்சே."

படக்கா வாங்கிப் பார்த்தாள். யாரோ யாருக்கோ அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பி, கை மாறிக் கை மாறிச் சிறுத்துப்போன படம். நூற்று அறுபது புள்ளி அகலம். அதில் அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதைப் பெருசாக்கினா இதுல இல்லாததை மெஷின் தானா இட்டுக்கட்டி நிரப்பும்ங்க. அதனாலதான் அது அவர் மாதிரி இல்ல. யார்கிட்ட குடுத்தாலும் அப்படித்தான் வரும்."

"உங்களாலயும் முடியாதா?"

"முடியாதுங்க. இதுல இருக்கறது இவ்வளவுதான். இருக்கற அளவுலயே தெளிவா எடுத்துத் தரேன்."

மகளின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதோடு போராடினாள். நிறத்தைச் சரி செய்தாள், முகத்தைத் தொடவில்லை. பாஸ்போர்ட் படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்தது. தடித்த தாளில் அச்சடித்து, ஓரத்தை வெட்டி, உறையில் போட்டுக் கொடுத்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க."

அக்கா உறையை வாங்கிக்கொண்டாள். இருந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னதற்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். படியில் பாதி தூரம் இறங்கியவள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று உறையைப் பிரித்துப் பார்ப்பதைப் படக்கா மேலிருந்து பார்த்தாள். அக்கா அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தாள். கீழே தெருமுனையில் பஸ் சத்தம் கேட்டதும் உறையை மூடி மடியில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.